பத்து மடங்கு டிரிப்லெட் கைலென்ஸ்: அமிர்திக் காட்டு மாஸ்களைக் கொண்டு ஒரு மதிப்பீடு

நகைப் பட்டறைகளில் கல்லின் தரம் பார்க்கப் பயன்படும் பத்து மடங்கு டிரிப்லெட் கைலென்ஸை, காட்டில் வளரும் மாஸ் (moss) என்ற பூக்காத சின்னஞ்சிறு தாவரங்களை இனங்காணும் வேலைக்கு வாங்கலாமா என்று என்னிடம் கேட்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் வேலூர்ப் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவருகிறார்கள். வாங்கலாம் என்பதே என் பதில். லாங் பஜாரை ஒட்டிய தெருவில், பத்தர்களுக்கான பட்டறைச் சாமான்கள் விற்கும் கடையில் ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிய லென்ஸ் ஒன்றை வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து அமிர்திக் காட்டிலும் ஏலகிரியிலும் பயன்படுத்தி வருகிறேன். அது எதைக் காட்டுகிறது, எந்த இடத்தோடு நின்றுவிடுகிறது என்பதை, இனங்காணும் திறவின் படிகளோடு சேர்த்துச் சொன்னால்தான் வாங்குபவருக்குப் பயன்படும் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

திறவு என்பது இரண்டிரண்டு வாக்கியங்களாக அமைந்த ஒரு தொடர். கையில் உள்ள மாதிரிக்கு எந்த வாக்கியம் பொருந்துகிறதோ, அதன் எதிரே இருக்கும் எண்ணுக்குப் போக வேண்டும். அங்கே மீண்டும் இரண்டு வாக்கியங்கள் இருக்கும். இப்படியே போய் ஒரு பெயரில் முடியும். 1778-இல் இயற்கையியலாளர் லாமார்க் பிரான்சு நாட்டுத் தாவரங்களுக்கு இந்த முறையைக் கையாண்டார். அதன் அடிப்படை இன்றுவரை மாறவில்லை. பூக்கும் தாவரங்களுக்கான திறவில் தொடக்கக் கேள்விகள் பலவற்றுக்கு வெறுங்கண்ணே போதும். பல மாஸ்களில் முழுச் செடியே சில மில்லிமீட்டர்தான் இருக்கும், இலை ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டரோடு முடிந்துவிடும் என்பதால் அங்கே வெறுங்கண்ணுக்கு வேலையே இல்லை. இலையில் நடுநரம்பு உண்டா, இலைகள் தண்டின் இருபுறமும் இரண்டே வரிசைகளில் உள்ளனவா அல்லது சுற்றிலும் அடுக்கியிருக்கின்றனவா, ஸ்போர்ப்பை (இனப்பெருக்கத் துகள்களான ஸ்போர்கள் உருவாகும் பை) தண்டின் நுனியிலிருந்து நிற்கிறதா அல்லது பக்கவாட்டில் கிளம்புகிறதா, பையின் வாயில் பற்கள் உண்டா, உண்டென்றால் எத்தனை என்று திறவு கேட்டுக்கொண்டே போகும். லென்ஸ் இல்லாமல் போகிறவர் முதல் வரியிலேயே ஊகத்தில் இறங்க வேண்டியிருக்கும். ஓரிடத்தில் ஊகம் தவறினால், அதற்குப் பின் வரும் படிகள் எல்லாமே வேறொரு செடியைப் பற்றியவையாகிவிடும்.

லென்ஸுக்கு வருகிறேன். டிரிப்லெட்டில் மூன்று கண்ணாடித் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டிருக்கும். ஒற்றைக் கண்ணாடியால் ஆன மலிவான பூதக்கண்ணாடியில் நடுப்பகுதி மட்டும் தெளிவாகத் தெரியும். ஓரங்கள் வளைந்து மங்கும். பொருளின் விளிம்பில் நீலமும் செம்மஞ்சளும் கசிந்தது போன்ற நிறக்கோடுகள் ஓடும். டிரிப்லெட்டில் இந்த இரண்டு குறைகளும் பெருமளவு திருத்தப்பட்டிருக்கின்றன. மாஸ் பார்ப்பவருக்கு இது மிக முக்கியம். இலையின் விளிம்பில் வேறு நிறத்தில் ஒரு கரை ஓடுகிறதா என்று திறவு கேட்கும் நேரத்தில், லென்ஸே விளிம்பில் ஒரு நிறத்தைச் சேர்த்துக் காட்டினால் எதை நம்புவது? நான் வாங்கிய லென்ஸில் பார்வை வட்டத்தின் ஓரம் வரை நேர்கோடு வளையாமல் நேராகவே தெரிகிறது. இதன் மிகப் பெரிய நிறை இதுதான்.

இணையக் கடைகளில் 30 மடங்கு, 40 மடங்கு என்று பொறிக்கப்பட்ட லென்ஸ்கள் இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றனவே என்று கேட்பவர்கள் ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கைலென்ஸின் உருப்பெருக்கம் என்பது 25 சென்டிமீட்டரை அதன் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவது. ஆகவே பத்து மடங்கு லென்ஸுக்குக் குவியத் தூரம் 25 மில்லிமீட்டர். 20 மடங்குக்கு 12.5 மில்லிமீட்டர், 30 மடங்குக்கு 8 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். என் லென்ஸைப் போல 21 மில்லிமீட்டர் அகலமுள்ள கண்ணாடி, 8 மில்லிமீட்டர் தூரத்தில் ஓரம் வரை தெளிவான பிம்பம் தருவது நடைமுறையில் ஆகாத காரியம். எனவே அகலமான லென்ஸில் பெரிய எண்ணைக் கண்டால் அந்த எண்ணைச் சந்தேகிப்பதே சரி. வீட்டிலேயே சோதிக்கலாம்: பகலில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரின் அருகே லென்ஸைப் பிடித்து, வெளியே தொலைவில் தெரியும் மரத்தின் தலைகீழ் பிம்பம் சுவரில் தெளிவாக விழும் இடத்தில் நிறுத்தி, லென்ஸுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தூரத்தை அளவுகோலால் அளந்தால் குவியத் தூரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். பள்ளி ஆய்வகத்தில் கிடந்த, 30 மடங்கு என்று பொறித்த லென்ஸ் ஒன்றை இப்படி அளந்தபோது தூரம் 25 மில்லிமீட்டரை ஒட்டியே வந்தது. அதன் உருப்பெருக்கமும் பத்துதான். தெளிவு மட்டும் டிரிப்லெட்டில் பாதிகூட இல்லை.

பிடிக்கும் முறை தெரியாவிட்டால் நல்ல லென்ஸும் வீணாகும். லென்ஸைக் கண்ணருகே, புருவத்தைத் தொடும் அளவுக்கு வைத்து, பிடித்திருக்கும் கையைக் கன்னத்தில் ஊன்றிக்கொள்ள வேண்டும். பிறகு மாதிரியைத்தான் லென்ஸை நோக்கி மெல்லக் கொண்டுவர வேண்டும். இரண்டு கண்களும் திறந்திருக்கட்டும். வெளிச்சம் மாதிரியின் மேல் விழும்படி உடலைத் திருப்பிக்கொள்ள வேண்டும். 25 மில்லிமீட்டர் தூரம் என்பது இந்த வேலைக்கு வசதியான தூரம்: பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் நுழைய இடம் இருக்கிறது, ஊசியால் இலையை விலக்கவும் இடம் இருக்கிறது. சில நகைக்கடை லென்ஸ்களில் சிறிய எல்இடி விளக்கு பொருத்தியிருக்கிறார்கள். அது நேராக அடிக்கும் வெளிச்சம் என்பதால் ஈரமான இலைகளின் மேல் பளபளப்பை மட்டுமே உண்டாக்குகிறது. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

அமிர்தி, வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாக ஏறத்தாழ 25 கிலோமீட்டர். ஜவ்வாது மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. மழைக்குப் பிறகு ஓடையை ஒட்டிய நிழலான மண்சரிவுகளில் மெல்லிய பச்சைப் படலம் ஒன்று தெரியும். குனிந்து பார்த்தால் அது தட்டையான சின்னஞ்சிறு ஓலைகளின் கூட்டம்; ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அதே சரிவில், மாஸ் போலவே தோன்றும் செலாஜினெல்லா என்ற வேறொரு பூக்காத தாவரமும் தட்டையாகப் படர்ந்திருக்கும் என்பதால், மாணவர்கள் இரண்டையும் ஒரே செடி என்று எடுத்துக்கொள்வது இயல்பு. லென்ஸ் அந்தக் குழப்பத்தை உடனே தீர்த்துவைக்கிறது: செலாஜினெல்லாவில் இலைகள் நான்கு வரிசைகளில், பக்கங்களில் பெரியவையாகவும் மேற்புறத்தில் சிறியவையாகவும் இரண்டு அளவுகளில் இருக்கும், நாம் பெயர் காண முயலும் இந்த மாஸில் இலைகள் இரண்டே வரிசைகள். அடுத்து வருவது, மாஸ்களுக்கு நெருங்கிய இன்னொரு தாவர வகையான இலைகளுள்ள ஈரல்செடியோ (liverwort) என்ற ஐயம். அவற்றின் இலையில் உண்மையான நடுநரம்பு இருக்காது. ஈரமான இலை ஒன்றை ஊசியால் பிரித்து, நகத்தின் மேல் வைத்து, வானத்து வெளிச்சத்தில் பத்து மடங்கு லென்ஸால் பார்த்தால், இந்த மாஸின் நடுநரம்பு அடியிலிருந்து நுனிவரை கருத்த கோடாகத் தெளிவாகவே தெரிகிறது.

திறவு அடுத்துக் கேட்பது, இலையின் அடிப்பகுதி ஒற்றைத் தகடா, பிளவுபட்டிருக்கிறதா என்பது. அவசரப்படாமல் பார்க்க வேண்டிய இடம் இது. ஒரு செடியை மட்டும் பிடுங்கி, இடக்கை விரல் நுனியில் ஒட்டிவைத்து, வலக்கையில் உள்ள தையல் ஊசியின் முனையால் ஓர் இலையை மெதுவாக வெளிப்பக்கம் வளைத்தால், அதன் அடிப்பாதி இரண்டு தகடுகளாகப் பிரிந்து நிற்பதும், அந்த இரண்டு தகடுகளுக்கும் நடுவே தண்டும் மேலே உள்ள இலையின் அடியும் செருகியிருப்பதும் தெரியும். என்னோடு வந்த பிளஸ் டூ மாணவி ஒருத்தி, "சார், இலையே ரெண்டா பிளந்து மேல இருக்கிற இலையப் பிடிச்சிட்டிருக்கு சார்" என்று சொன்னாள். திறவில் நீளமான கலைச்சொற்களோடு அச்சாகியிருக்கும் வாக்கியத்தை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. இந்தப் பிளவைக் கண்டுவிட்டால் பேரினம் ஃபிஸ்ஸிடென்ஸ் என்று முடித்துவிடலாம். வேறு எதனோடும் குழம்ப வழியில்லை. தாவரவியலாளர் ஹெட்விக் இறந்த பிறகு, 1801-இல் வெளிவந்த அவரது நூலிலிருந்துதான் பெரும்பாலான மாஸ்களின் அறிவியற்பெயர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஃபிஸ்ஸிடென்ஸ் என்ற பேரினமும் அவர் வகுத்ததே. 220 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வகுத்த பண்பை, ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிய கண்ணாடியால் அமிர்தி ஓடைக்கரையில் பள்ளி மாணவி தன் கண்ணால் உறுதிசெய்கிறாள் என்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது.

சிற்றினத்துக்குப் போக முயன்றால் லென்ஸ் அங்கே நின்றுவிடுகிறது. ஃபிஸ்ஸிடென்ஸில் சிற்றினங்கள் ஏராளம். இலை விளிம்பில் நீண்ட செல்களால் ஆன கரை உண்டா, அது முழு விளிம்பிலும் ஓடுகிறதா அல்லது அடித்தகடுகளில் மட்டுமா, இலைச் செல்களின் பரப்பு வழுவழுப்பாக இருக்கிறதா, புடைப்புகள் உள்ளனவா என்று திறவு கேட்கும். அகலமான கரையாக இருந்தால் பத்து மடங்கில் வெளிறிய ஓரமாகத் தெரிந்துவிடும். மற்றவை கூட்டு நுண்ணோக்கியின் வேலை. ஸ்போர்ப்பையின் வாயில் 16 பற்கள் இருப்பதும், ஒவ்வொன்றும் நுனியில் இரண்டாகப் பிளந்திருப்பதும் இந்தப் பேரினத்தின் பண்பு. லென்ஸில் அவை செந்நிற விளிம்பாகத் தெரியும். உலர்ந்த பையின் மேல் மெல்ல மூச்சை விட்டால் பற்கள் அசைவதையும் பார்க்கலாம். ஆனால் எண்ணி முடிக்கும் அளவுக்குத் தெளிவு கிடைப்பதில்லை.

பாறைகளிலும் சிறுபாலங்களின் ஈரச் சுவர்களிலும் வளரும் இன்னொரு மாஸில் இந்த லென்ஸ் வேறு விதமாக உதவியது. ஹையோஃபைலா இன்வொலூட்டா என்ற அந்த மாஸ் வெப்பமண்டல நாடுகளில் மிகப் பரவலானது. வேலூரின் சுற்றுச்சுவர்களிலும் தேடலாம். இதற்குத் திறவு, இலை உலர்ந்த நிலையில் எப்படி, ஈரத்தில் எப்படி என்று இரண்டு நிலைகளையும் கேட்கிறது. உலர்ந்தபோது இலையின் இரு விளிம்புகளும் உட்புறமாகச் சுருண்டு இலை குழாய் போலாகிவிடும். ஒரு சொட்டு நீர் விட்டு லென்ஸின் வழியே பார்த்துக்கொண்டிருந்தால், சுருள் பிரிந்து, நுனிப்பக்கம் அகன்ற கரண்டி வடிவ இலைகள் சுற்றிலும் விரிகின்றன. இந்த மாற்றத்தை விடாமல் பார்க்க அகன்ற பார்வை வட்டம் வேண்டும். 21 மில்லிமீட்டர் அகலத்தின் பயன் இங்கே தெரிகிறது. நிமிர்ந்த உருளை வடிவப் பையின் வாயில் பற்களே இல்லை என்பது அடுத்த அடையாளம். பழைய பைகளில் பற்கள் உதிர்ந்துபோவதும் உண்டு என்பதால், மூடி இன்னும் கழலாத பை ஒன்றைத் தேடி, மூடியை ஊசியால் நெம்பிவிட்டுப் பார்த்த பிறகே 'பற்கள் இல்லை' என்ற வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஏலகிரியில், கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல், மரத்தண்டுகளில் பாயாகப் படரும் மாஸ்கள் இந்த லென்ஸுக்குக் கடினமான தேர்வு வைக்கின்றன. தண்டு படர்ந்து கிளைத்திருப்பதும், ஸ்போர்ப்பைகள் பக்கவாட்டில் கிளம்புவதும் எளிதாகத் தெரிகின்றன. அதற்கு அடுத்த கேள்வி, நடுநரம்பு ஒற்றையா, அல்லது குட்டையாக இரட்டையா, அல்லது இல்லவே இல்லையா என்பது. ஒரு மில்லிமீட்டர் இலையின் அடியில் கால் பங்கு நீளத்துக்கு மட்டும் ஓடும் இரட்டை நரம்பை, 'இல்லை' என்ற நிலையிலிருந்து பத்து மடங்கில் பிரித்தறிவது பல மாதிரிகளில் முடியவில்லை. உண்மையான 20 மடங்கு லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்ததில் சில மாதிரிகள் தெளிந்தன. ஆனால் அதன் பார்வை வட்டம் மிகச் சிறியது, 12.5 மில்லிமீட்டர் தூரத்தில் தலையின் நிழலே மாதிரியை மறைத்துவிடுகிறது. கை இம்மி அசைந்தாலும் தெளிவு போய்விடுகிறது. பத்து மடங்கில் பழகிய கைக்கு இரண்டாவது லென்ஸாக அது நல்லது. தொடங்குபவர் அதை முதல் லென்ஸாக வாங்கினால், வாங்கிய மாதத்திலேயே மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவார் என்று உறுதியாகச் சொல்வேன்.

வெளிறிய பச்சையில் மரப்பட்டையில் திரளும் ஆக்டோபிளெஃபாரம், லூகோபிரையம் போன்ற மாஸ்களில் முந்தையதற்கு 8 பற்கள், பிந்தையதற்கு 16 என்று திறவு பிரிக்கும் இடங்களிலும், செல்களின் வடிவத்தைக் கேட்கும் எல்லா இடங்களிலும், வீட்டுக்கு வந்து பெரிய உருப்பெருக்கத்தில் பார்ப்பதே வழி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கிய, தாளை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப் என்ற நுண்ணோக்கி 140 மடங்கு காட்டுகிறது; மாஸ் இலை பெரும்பாலும் ஒரே செல் அடுக்கால் ஆனது என்பதால், வெட்டுத்தோற்றம் எடுக்காமலேயே அதில் செல்களைப் பார்க்கலாம். கைலென்ஸோடு இணைந்து வேலை செய்யும் துணை என்றே அதைச் சொல்வேன். லென்ஸுக்கு மாற்றாக அதை வாங்கக் கூடாது, ஏனெனில் எந்த இலையை அதில் வைக்க வேண்டும் என்பதைக் காட்டிலேயே தேர்ந்துகொடுப்பது லென்ஸ்தான்.

மாதிரி எடுப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டில் வனத்துறையின் அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. லென்ஸ் கையில் இருந்தால் பெரும்பாலான கேள்விகளுக்குச் செடியை இடத்திலேயே விட்டுவிட்டு விடை காணலாம். அனுமதி பெற்று எடுக்கும்போதும் ஒரு சிட்டிகை போதும். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். மடித்த தாள் உறையில் போட்டு, இடம், நாள், எதன் மேல் வளர்ந்தது என்று வெளியே எழுதி நிழலில் உலர்த்தினால் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும், நீர் விட்டதும் மீண்டும் விரியும். வேலூர் வெயிலில் செடிகள் காய்ந்துகிடக்கும் சித்திரை, வைகாசியிலும் திறவோடு உட்கார முடிவது இதனால்தான். அந்த மாதங்களில் லென்ஸைச் சருகுகளின் மேல் திறந்தபடி வைத்துவிட்டுப் போவது ஆபத்து. குவிந்த வெயில் சருகைப் பற்றவைத்துவிடும்.

குறைகள் என்று சொன்னால், நான் வாங்கியதில் மூடியைத் திருப்பும் மரை நாளடைவில் தளர்ந்து லென்ஸ் தானாக வெளியே வந்துவிடுகிறது; சிறிய ஸ்க்ரூ டிரைவரால் அவ்வப்போது முறுக்க வேண்டியிருக்கிறது. கயிறு மாட்டும் வளையமும் சிறியது. காட்டுப் புதரில் விழுந்தால் தேடி எடுக்க முடியாத அளவுக்குச் சிறிய பொருள் என்பதால், பளிச்சென்ற சிவப்பு நாடா ஒன்றைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வது அவசியம். கண்ணாடியில் ஈரமண் பட்டால் உடனே துடைக்கக் கூடாது. மணல் துகள் கீறிவிடும். காயவிட்டு ஊதி, பிறகு மெல்லிய பருத்தித் துணியால் துடைக்க வேண்டும்.

கடையில் வாங்கும்போது பெட்டியோடு வாங்கி வந்துவிடாமல், திறந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பட்டறைக் கடைக்காரர்கள் இதற்குப் பழகியவர்கள், முகம் சுளிப்பதில்லை. சோதிக்கக் கையில் உள்ள நூறு ரூபாய் நோட்டே போதும். அதில் வெறுங்கண்ணுக்குக் கோடாகத் தெரியும் இடத்தில் 'ஆர்பிஐ' என்ற ஆங்கில எழுத்துகளும் 100 என்ற எண்ணும் நுண்ணெழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றை முதலில் பார்வை வட்டத்தின் நடுவிலும், பிறகு நோட்டை நகர்த்தி வட்டத்தின் ஓரத்திலும் வைத்துப் படியுங்கள். ஓரத்திலும் எழுத்து வளையாமல், நிறம் கசியாமல் இருந்தால் அந்த லென்ஸை வாங்கலாம். அதே பெட்டியிலிருந்து இரண்டு மூன்று லென்ஸ்களை எடுத்து இப்படிப் பார்த்தால் தரத்தில் வேறுபாடு இருப்பது தெரியும். ஓரம் மங்கும் லென்ஸை ஒதுக்கிவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். பள்ளிக்கு மொத்தமாக வாங்குபவர்களும் ஒவ்வொன்றையும் சோதித்தே எடுக்க வேண்டும்.